போதாத அரை அடி

பன்னிரண்டு அறைகளில் பதினொன்றை ஒரு வம்பும் இல்லாமல் முடித்துவிட்ட போட்டோக்காரர், பன்னிரண்டாவது அறையில் போய் வசமாக மாட்டிக்கொண்டார். மாடியில் இருந்த அந்த அறை பதினோரு அடி நீளம், எட்டு அடி அகலம். உள்ளே செயற்கைப் பல் செய்கிற ஒரு பெண்மணி இருந்தார். சிக்கல் அறையிலா, பெண்மணியிலா என்று போட்டோக்காரரைக் கேட்டால் அறையில்தான் என்று அடித்துச் சொல்வார். அதனால் அவரைக் கேட்பதில் பயனில்லை.

விஷயம் இதுதான். அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. ஊரில் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து வேலை செய்கிற குட்டிக் குட்டி அறைகளைப் படமெடுத்து, ஒவ்வொன்றையும் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி மாட்டப் போகிறார்கள். பார்க்கிறவர் கிட்டே போய் நின்றால் அலமாரியில் இருக்கும் புட்டியின் லேபிளைப் படிக்க முடிய வேண்டும். அதற்குத்தான் போட்டோக்காரரைக் கூப்பிட்டார்கள். அவருடைய கேமரா ஒரு மரச்சட்டம். முன்னால் லென்ஸ், பின்னால் தேய்த்த கண்ணாடி, நடுவில் மடிந்து விரியும் துருத்தி. ஒவ்வொரு ஃபிலிமும் தபால் அட்டை அளவு இருக்கும். கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால் எதிரே இருப்பதெல்லாம் தலைகீழாகத் தெரியும். இந்தத் துணியால் தெரிந்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘போர்வை’. ஐம்பத்து மூன்று வயதில் அதற்கெல்லாம் அவர் கோபப்படுவதை விட்டுவிட்டார்.

அந்தப் பெண்மணியை மட்டும் சும்மா விட்டார்களா? தெரு முழுக்க அவரைப் ‘பல்லம்மா’ என்றுதான் சொல்லும். நாற்பத்தாறு வயது. எப்போதோ ஒரு கல்யாணம் நடந்து, மூன்று வருடத்தில் முடிந்துபோனது. அதைப் பற்றி அவர் பேசுவதும் இல்லை, அதற்காக வருந்துவதாகத் தெரியவும் இல்லை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்து மெழுகில் பல் வரிசை கட்டுவது அவர் வேலை. அண்ணன் மனைவி, அதாவது அண்ணி, பிளாஸ்டர் கலக்குவார், முடிந்த பல் செட்டுகளை டப்பாவில் போட்டு ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பார். இருவருக்கும் நடுவே நாள் முழுக்க ஓயாத பேச்சு. மெருகேற்றும் மோட்டார் ஓடும்போது கூட நிற்காது, சத்தம் மட்டும் கூடும்.

முதல் நாள் போட்டோக்காரர் உள்ளே நுழைந்து வணக்கம் சொன்னபோது, பல்லம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தார்.

“சார், தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களோ?”

போட்டோக்காரர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். “யார் சொன்னா?”

“உங்க பல்லுதான். ஓரமெல்லாம் மொழுக்குனு தேஞ்சிருக்கு பாருங்க. மனசுல எதையோ போட்டு வச்சிருக்கீங்க.”

“வந்த மனுஷனை உக்காரச் சொல்லாம வாயைப் பிடுங்கறியே” என்றார் அண்ணி.

போட்டோக்காரர் அசடு வழிந்தார். அவர் மனைவி இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள். தூக்கத்தில் அவர் என்ன செய்கிறார் என்று சொல்ல இத்தனை வருடமாக ஆளில்லை. முன்பின் தெரியாத ஒருவர் பகல் பத்து மணிக்கு அதைச் சொன்னபோது அவருக்கு உள்ளே ஏதோ அசைந்துகொடுத்தது. வேலையைப் பார்ப்போம் என்று அவசரமாக முக்காலியை விரித்தார்.

அறையின் ஒரு கோடியில் வாசல். வாசலை ஒட்டிச் சுவரோரமாக ஓர் இரும்பு அலமாரி. அதன் இழுப்பறைகள் முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள், முந்நூறுக்குக் குறையாது. கேமரா நிற்கக்கூடிய ஒரே இடம் அந்த அலமாரிக்கு முன்னால்தான். அங்கிருந்து பார்த்தால் இடதுபக்கம் ஜன்னலோரம் பல்லம்மாவின் மேஜை, வலதுபக்கம் பல் சுடும் உலை, எதிரே மேல் தட்டில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும் மாதிரிப் பற்கள். எல்லாம் படத்துக்குள் வர வேண்டும். அவர் கொண்டுவந்திருந்தது தொண்ணூறு மில்லிமீட்டர் லென்ஸ். மற்ற பதினொரு அறைகளையும் அதுதான் விழுங்கியது. இங்கே அது தோற்றது. பல்லம்மாவைச் சேர்த்தால் உலை வெளியே போயிற்று, உலையைச் சேர்த்தால் பல்லம்மாவுக்குக் கை இல்லை.

“இந்த அலமாரியை வெளிய எடுத்து வைக்க முடியுமா?” என்று கேட்டார்.

“நாலு ஆள் வந்தாலும் அசையாது சார்” என்றார் அண்ணி. “பூராவும் பிளாஸ்டர்.”

அப்படியானால் லென்ஸைத்தான் மாற்ற வேண்டும். லென்ஸில் எண் குறையக் குறைய அகலம் கூடும். நூற்றைம்பது ஒரு முகத்துக்கு, தொண்ணூறு ஓர் அறைக்கு, எழுபத்தைந்து கொஞ்சம் நெருக்கமான அறைக்கு. போட்டோக்காரர் தரையிலிருந்து கூரைவரை டேப் பிடித்து அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார். முக்காலியின் மூன்று கால்களுக்கும் கீழே வெள்ளை டேப் ஒட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டார். அது அவர் வழக்கம். மறுபடி வரும்போது கேமரா ஒரு விரல்கூட இடம் மாறாது. நோட்டில் எழுதியதை அவர் மறுபடி அளப்பதும் கிடையாது. தன் கண்ணைவிடத் தன் நோட்டை நம்புகிற மனிதர்.

கிளம்பும்போது பல்லம்மா டீ கொடுத்தார். குடித்து முடிக்க ஐந்து நிமிடம் போதும், போட்டோக்காரர் முக்கால் மணி நேரம் குடித்தார்.

*

லென்ஸ்காரர் அவருடைய பள்ளித் தோழர். பழைய லென்ஸ்களைப் பழுது பார்ப்பார், வேண்டியவர்களுக்கு இரவல் கொடுப்பார், கொடுத்த லென்ஸை அடுத்தவர் வீட்டில் விட்ட பிள்ளையைப் போல நினைத்துக்கொண்டே இருப்பார். போட்டோக்காரர் கணக்கைக் காட்டியதும் எழுபத்தைந்தை எடுத்துக் கையில் கொடுத்தார். கூடவே பை போலத் தொளதொளவென்று இருக்கும் தனித் துருத்தி ஒன்றும். அகல லென்ஸ் ஃபிலிமை ஒட்டி உட்காரும், வழக்கமான துருத்தி அவ்வளவு தூரம் மடங்காது.

“இது போதும்டா. ரெண்டு அங்குலம் மிச்சமே இருக்கும்.”

மிச்சம் இருக்கவில்லை. இரண்டாவது தடவை போனபோது தரையில் ஒட்டியிருந்த டேப் எதையும் காணோம்.

“துடைக்கும்போது வந்துடுச்சு சார்” என்றார் அண்ணி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

போட்டோக்காரர் பழையபடி அலமாரியை ஒட்டி முக்காலியை வைத்து, அலமாரிக்கும் கேமராவுக்கும் நடுவில் தன்னைச் செருகிக்கொண்டு, துணிக்குள் போனார். கண்ணாடியில் உலையின் ஓரம் ஒரு கையளவு வெட்டுப்பட்டிருந்தது. நம்ப முடியாமல் நோட்டைப் பார்த்தார். கணக்கு சரி. துணிக்குள் மறுபடி போனார். உலை அப்படியேதான் இருந்தது.

“போதலையா சார்?” என்று பல்லம்மா கேட்டார்.

“போதல மேடம். எப்படின்னே புரியல.”

“அடடா” என்றார் பல்லம்மா. “அப்போ டீ போடறேன்.”

அன்று டீக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பல்லம்மா அவருக்குப் பல் நிறம் பார்க்க உதவும் மாதிரி அட்டையைக் காட்டினார். வெள்ளை என்று நாம் நினைப்பதில் பதினாறு வகை இருக்கிறதாம். போட்டோக்காரர் தன் கறுப்பு வெள்ளைப் படத்தில் சாம்பல் நிறம் எத்தனை வகை என்று சொன்னார். அண்ணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நீங்க ரெண்டு பேரும் கலர் சட்டையே வாங்க மாட்டீங்களா?” என்று கேட்டார். போட்டோக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும்தான், தான் வாயை மூடாமல் சிரித்ததைக் கவனித்தார்.

தெருவில் இறங்கி நடக்கும்போது மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை. பாதித் தெருவைத் தாண்டியதும் ஒரு நினைப்பு வந்து முதுகில் தட்டியது. இந்தப் படம் முடிந்துவிட்டால் இந்த மாடிக்கு ஏற அவருக்கு ஒரு காரணமும் கிடையாது. அவருக்குத்தான் சொந்தப் பல் முப்பத்திரண்டும் திடமாக இருக்கிறதே. பல்லம்மாவிடம் கேட்க வேண்டியதை அதற்குள் கேட்டாக வேண்டும். கேட்க வேண்டியது என்னவென்று அவருக்குத் தெரியும். அதை வாயைத் திறந்து சொல்வதுதான் வரவில்லை.

லென்ஸ்காரரிடம் அவர் கோபத்தைத்தான் கொண்டுபோனார். “உன் லென்ஸ்ல எழுபத்தஞ்சுன்னு போட்டிருக்கு. அது எழுபத்தஞ்சே இல்ல. எண்பது இருக்கும்.”

லென்ஸ்காரருக்கு வந்ததே ஆத்திரம்! கையிலிருந்த ஸ்பேனரை மேஜையில் வைத்துவிட்டு, லென்ஸைக் கருவியில் மாட்டி, அவர் கண் முன்னாலேயே அளந்து காட்டினார். எழுபத்தைந்து, சுத்தமாக.

“ஒண்ணு உனக்குக் கணக்கு மறந்துபோச்சு. இல்ல, அறை சுருங்கிப் போச்சு.”

“அறை எப்படிடா சுருங்கும்?”

“அதை உன் அறையைக் கேளு. இந்தா, அறுபத்தஞ்சு. இதுல வரலைன்னா என் முகத்துல முழிக்காத.”

*

அறுபத்தைந்தில் வந்தது. மூன்றாவது தடவை துணிக்குள் போனதும் போட்டோக்காரர் பார்த்தார்: மேஜை, பல்லம்மா, உலை, உலைக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டர் சாக்கு, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் அண்ணி, எல்லாம் தலைகீழாக, எல்லாம் முழுசாக. ஒரு ஃபிலிமைச் செருகி எடுத்துவிட்டால் கதை முடிந்தது.

அவர் ஃபிலிமைத் தொடவில்லை.

லென்ஸ் எதுவானாலும் ஃபிலிமின் மேல் ஒளியை ஒரு வட்டமாகத்தான் கொட்டும். வட்டம் பெரிதாக இருந்தால் லென்ஸை மேலே தூக்கி, உயரத்தில் இருப்பதையும் படத்துக்குள் கொண்டுவரலாம். அறுபத்தைந்தின் வட்டம் ஃபிலிமை மூடத்தான் காணும், தூக்க இடம் தராது. தூக்கினால் மூலைகளில் இருட்டு விழும். இதெல்லாம் போட்டோக்காரருக்குத் தெரியாதா என்ன? முப்பது வருடத் தொழில். தெரிந்தே, துணிக்குள் யாரும் பார்க்காத தைரியத்தில், லென்ஸை ஒரு விரல் தூக்கினார். மேல் மூலை இரண்டும் கறுத்தன.

வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினார். “மேல் தட்டு முழுசா வேணும்னு தூக்கினேன். மூலை இருட்டிடுச்சு மேடம்.”

“மேல் தட்டு அவசியமா சார்?” என்று அண்ணி கேட்டார்.

“ரொம்ப அவசியம்” என்றார் போட்டோக்காரர், யார் கண்ணையும் பார்க்காமல்.

நம்ப வைப்பதற்காகக் கண்ணாடியைத் தன் ஃபோனில் படம் பிடித்து, நிமிர்த்தி, அவர்களுக்குக் காட்டினார். அங்கேதான் வினை. இருட்டு மூலையை யாரும் பார்க்கவில்லை. அகல லென்ஸ் ஓரத்தில் இருப்பதை இழுத்து விரித்துவிடும். வலது ஓரத்தில் இருந்த அண்ணியின் முகம் பூசணிக்காய் அளவுக்குப் பரந்திருந்தது.

“இது யாரு?” என்றார் அண்ணி, குரலைத் தாழ்த்தி.

“லென்ஸோட குணம் மேடம் அது. ஓரத்துல இருந்தா...”

“ஓரத்துல இருந்தா இப்படி ஊதிடுவீங்களா? சுவரளவு மாட்டப் போறீங்களாமே! எங்க வீட்டுல பார்த்தா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க.”

பல்லம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். போட்டோக்காரர் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். அண்ணி திட்டிய திட்டில் ஒன்றுகூட அவர் காதில் ஏறவில்லை.

*

இந்தச் சந்தோஷம் நான்கு நாள்தான் தாக்குப்பிடித்தது. அருங்காட்சியக அதிகாரி அம்மா ஃபோனில் கூப்பிட்டார். “சார், வெள்ளிக்கிழமைக்குள்ள படம் வரலைன்னா பதினொண்ணோட முடிச்சுடறோம். சுவர்ல இடம் பிரிச்சாச்சு.”

படம் கொடுக்காவிட்டால் பல்லம்மாவின் அறை கண்காட்சியில் இல்லை. கொடுத்துவிட்டால் அவருக்குப் பல்லம்மாவின் அறை இல்லை. போட்டோக்காரர் லென்ஸ்காரரின் கடையில் போய்த் தலையில் கையை வைத்து உட்கார்ந்தார்.

லென்ஸ்காரர் ஓர் உறையைப் பிரித்து ஒரு சின்ன லென்ஸை எடுத்து வைத்தார். “ஐம்பத்தெட்டு. உன் பின்னால இருக்கிற கரப்பான்பூச்சிகூட இதுல விழும். ஒரே நாள், வேலை முடிஞ்சது.”

“ஓரமெல்லாம் ரொம்ப இழுக்கும்டா.”

“அப்போ அறுபத்தஞ்சு. தூக்காம எடு.”

“மேல் தட்டு...”

“மேல் தட்டாம் மேல் தட்டு!” லென்ஸ்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “டேய் போர்வை. நான் நாப்பது வருஷமா உன்னைப் பார்க்கிறேன். பதினொரு அறைக்கு ஒரு லென்ஸ் எடுத்த. இந்த ஒரு அறைக்கு மூணு மாத்திப் பார்த்துட்ட. வேலை முடியறதுக்கு லென்ஸ் வேணுமா, முடியாம இருக்கிறதுக்கு லென்ஸ் வேணுமா? அதை மட்டும் சொல்லு, அதுக்குத் தகுந்த மாதிரி தர்றேன்.”

போட்டோக்காரர் மேஜையில் இருந்த தூசியைத் துடைத்தார்.

“கேட்டியா அவங்ககிட்ட?”

“இல்ல.”

“கேக்காமலே எத்தனை லென்ஸ்தான் மாத்துவ?”

கடைசியில் போட்டோக்காரர் எடுத்துக்கொண்டது மறுபடியும் எழுபத்தைந்தைத்தான். அதன் வட்டம் பெரிது, தூக்கினாலும் மூலை இருளாது, ஓரத்து ஆளையும் ரொம்ப இழுக்காது, அந்த அறைக்கு அதைவிடப் பொருத்தமான லென்ஸ் கிடையாது. கணக்குப்படி அது போதும். போதவில்லை என்றால் எங்கேதான் தப்பு என்று இந்தத் தடவை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். கேட்பதைப் பற்றி அவர் எந்த முடிவும் செய்யவில்லை.

*

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவர் போனபோது பல்லம்மா புதுச் சட்டையைப் போல மடிப்புக் கலையாத வேலைக் கோட்டில் உட்கார்ந்திருந்தார். இன்றோடு முடிகிறது என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், டீயை முதலிலேயே கொடுத்துவிட்டார். போட்டோக்காரர் முக்காலியை விரித்தார். லென்ஸை மாட்டும்போது அதன் மூடி நழுவிக் கீழே விழுந்தது. விழுந்த மூடி சும்மா கிடக்காமல் உருண்டு அலமாரிக்கு அடியில் ஓடிவிட்டது.

“நான் எடுக்கிறேன் சார்!” என்று பல்லம்மா பதறி எழுந்தார். ஒரு மூடிக்கு அவ்வளவு பதற்றம் தேவையில்லை.

அதற்குள் போட்டோக்காரர் வயிற்றின் மேல் படுத்தாயிற்று. ஃபோன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். மூடி இருந்தது. மூடிக்குப் பக்கத்தில், அலமாரியின் முன்கால்களைத் தாண்டி உள்ளே, ஒரு வெள்ளை டேப் இருந்தது. அதில் அவர் கையெழுத்தில் ‘ஒன்று’.

அவர் நெடுநேரம் படுத்தே கிடந்தார். அலமாரிக்கு அடியில் கையை விட்டு யாரும் டேப் ஒட்ட மாட்டார்கள். டேப் நடக்காது. அப்படியானால் நடந்தது அலமாரிதான். முதல் நாள் சுவரோடு சுவராக நின்ற அலமாரி இப்போது சுவரை விட்டு அரை அடி முன்னால் நின்றது. பின்னால் இருந்த இடைவெளி தெரியாமல் பக்கவாட்டில் ஒரு பழைய ஏப்ரன் வேறு தொங்கியது. தரையோட்டில் விரிசல் விழுந்தால் வாசலிலிருந்தே சொல்கிற மனிதர், ஆளுயர அலமாரி நகர்ந்ததைப் பார்க்கவில்லை. உள்ளே வந்தால் அவர் கண் எங்கே போகும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, மூடியைப் பையில் போட்டுக்கொண்டு, துணிக்குள் போனார். கண்ணாடியில் பல்லம்மா தலைகீழாக உட்கார்ந்திருந்தார். நேரில் பார்த்துக் கேட்க வராத கேள்வி, துணிக்குள்ளிருந்து சுலபமாக வந்தது.

“அலமாரியை யார் நகர்த்தினது மேடம்?”

கண்ணாடியில் பல்லம்மாவின் கை மெழுகுக் கத்தியோடு அப்படியே நின்றது. மோட்டாரை அண்ணி நிறுத்தினார். முதல் தடவையாக அந்த அறையில் பேச்சு இல்லை.

“நாங்கதான்” என்றார் பல்லம்மா.

“நாலு ஆள் வந்தாலும் அசையாதுன்னு...”

“அசையாதுதான் சார்” என்று அண்ணி புகுந்தார். “ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வந்து, முந்நூறு தாடையையும் ஒண்ணொண்ணா எடுத்து வெளிய வச்சு, அலமாரியை இழுத்து, மறுபடி நம்பர் வாரியா அடுக்கினோம். எனக்கு ஒரு வாரம் இடுப்பு வலி. ரெண்டு டேப்பை உரிச்சுட்டோம். மூணாவது அடியில போயிடுச்சு, கை எட்டல. அதை இவகிட்ட அப்பவே சொன்னேன்.”

“எதுக்கு?” என்று துணி கேட்டது.

பல்லம்மா தலைகீழாகவே தலையைக் குனிந்துகொண்டார். “படம் வந்துட்டா நீங்க வர மாட்டீங்களேன்னுதான். வேற எதுக்கு?”

துணிக்குள் போட்டோக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தனக்காக ஒருவர் முந்நூறு பிளாஸ்டர் தாடைகளைத் தூக்கி இறக்கியிருக்கிறார் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. மனதில் இருந்ததைக் கொட்டிவிட வேண்டும் போல இருந்தது. துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். முடியெல்லாம் கலைந்திருந்தது.

“மூணாவது தடவை படம் வந்துச்சு மேடம். எல்லாம் சரியா விழுந்துச்சு. நான்தான் வேணும்னே லென்ஸைத் தூக்கி மூலையை இருட்டாக்கினேன்.”

“மேல் தட்டு ரொம்ப அவசியம்னு சொன்னாரே, கேட்டியா?” என்று அண்ணி பல்லம்மாவைப் பார்த்தார். “ஒருத்தர் அலமாரியை இழுக்கிறது, இன்னொருத்தர் லென்ஸைத் தூக்கறது. நடுவுல என் மூஞ்சிதான் பூசணிக்காய் ஆச்சு!”

மூன்று பேரும் சேர்ந்து தாடைகளை இறக்கினார்கள். அண்ணி இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுக்க, பல்லம்மா வாங்கிப் போட்டோக்காரரிடம் தர, அவர் சுவரோரம் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றைக் கொடுக்கும்போதும் பல்லம்மா சொல்லிக்கொண்டே வந்தார். இவர் பாட்டு வாத்தியார், பல் வைத்த பிறகுதான் பாட்டின் வரி கேட்பவருக்குப் புரிகிறதாம். இந்த அம்மா மருமகளுக்குப் பயந்து பல்லைக் கழற்றி ஒளித்து வைப்பாராம். நூற்றுப்பத்தாவது தாடை கைமாறும்போது விரல் விரலில் பட்டது. அதன்பிறகு இருவருமே கொஞ்சம் மெதுவாக வேலை செய்தார்கள். அலமாரி காலியானதும் மூன்று பேரும் முதுகைக் கொடுத்து அதைச் சுவரோடு தள்ளினார்கள். தாடைகள் மறுபடி உள்ளே போயின. முக்காலியின் பின்கால் ‘ஒன்று’ என்ற டேப்பின் மேல் உட்கார்ந்தது. கண்ணாடியில் எல்லாம் விழுந்தது, இரண்டு அங்குலம் மிச்சம்.

அண்ணி ஏப்ரனைக் கழற்றினார். “நான் படத்துல வர மாட்டேன்பா, ஒரு தடவை வந்ததே போதும். ரெண்டு டப்பா கொடுக்க வேண்டியிருக்கு.” வாசலில் நின்று திரும்பினார். “நான் வர்றதுக்குள்ள முடிச்சுடுங்க சார். ரெண்டையும்.”

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை திரும்பும்வரை போட்டோக்காரர் லென்ஸைத் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. கேமராவின் பக்கத்தில் வந்து நின்று, கம்பி விசையைக் கையில் எடுத்தார்.

“பக்கத்துல இருக்கிறதும் தூரத்துல இருக்கிறதும் ஒண்ணா தெளிவா விழணும்னா லென்ஸோட துளையை ரொம்பச் சின்னதாக்கணும் மேடம். வெளிச்சம் மெதுவாத்தான் போகும். எட்டு விநாடி நீங்க அசையக் கூடாது.”

“சரி சார்.”

“அதுக்கு முன்னால ஒண்ணு.” அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. “எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. மிச்ச காலம் கூட இருக்கலாமான்னு கேக்கத்தான் இத்தனை தடவை வந்தேன். கேக்காமலே போயிட்டிருந்தேன்.”

பல்லம்மா அவரையே பார்த்தார். வாயை அல்ல, முகத்தை.

“முதல்ல படத்தை எடுங்க” என்றார். “வேலை நேரத்துல வேற பேச்சு எதுக்கு?”

போட்டோக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. தொழில் தொழில்தான். ஃபிலிமைச் செருகினார், அதை மூடியிருந்த தகட்டை உருவினார், விசையை அழுத்தினார். சத்தமாக எண்ணத் தொடங்கினார்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு.”

“சம்மதம்” என்றார் பல்லம்மா.

உடம்பில் வேறெதுவும் அசையவில்லை. கை மெழுகுக் கத்தியில், கண் லென்ஸில், உதடு மட்டும் அந்த ஒரு வார்த்தைக்கு அசைந்து மறுபடி மூடிக்கொண்டது. போட்டோக்காரர் எண்ணியாக வேண்டும். “ஆறு” என்றார். அடுத்து என்ன எண் என்று அவருக்கு மறந்துபோயிற்று. திரும்பவும் “ஆறு” என்றார். விசையை அவர் எப்போது விட்டார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

*

வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்தில் அதிகாரி அம்மா படத்தைப் பெரிய மேஜையில் விரித்து, பூதக்கண்ணாடியோடு அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். உலையில் பொறித்த எண் தெரிந்தது. மேல் தட்டில் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. ஜன்னல் கம்பியின் பெயிண்ட் உரிந்த இடம் தெரிந்தது. மூலையில் துளி இருட்டு இல்லை.

“பிரமாதம் சார். ஆனா அவங்க உதடு மட்டும் அசைஞ்சு கலங்கியிருக்கே. முகத்துல அது பெரிசாத் தெரியும். இன்னொரு தடவை போயிட்டு வந்துடுங்களேன், திங்கக்கிழமைவரை டைம் தர்றேன்.”

அரை அடிக்காக நான்கு தடவை மாடி ஏறிய மனிதர், முடியாது என்று தலையை ஆட்டினார்.

“ஏன் சார்? நீங்க இதெல்லாம் விட மாட்டீங்களே.”

“அது கலங்கல் இல்ல மேடம்” என்றார் போட்டோக்காரர், இந்தத் தடவை மென்று விழுங்காமல். “அஞ்சாவது விநாடியில அவங்க என்னைக் கட்டிக்கச் சம்மதம் சொன்னாங்க. அதுதான் விழுந்திருக்கு.”

அதிகாரி அம்மா பூதக்கண்ணாடியை மறுபடி அந்த உதட்டின் மேல் வைத்தார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு, பன்னிரண்டாவது படத்தை வாசலுக்கு நேர் எதிரே மாட்டச் சொன்னார்.